கப்பலுக்கு ஒரு பாட்டு, சயாமுக்கு ஒரு பாட்டு

(தோட்டத்துப் பாடல்களை மீட்டெடுப்பது குறித்த தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய நண்பர் ஒரு கேள்வியைப் போட்டுவிட்டு அமர்ந்திருக்கிறார். "தாலாட்டை மீட்டெடுங்கள், கும்மியை மீட்டெடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாவுப் பாட்டை எதற்காக மேடைக்குக் கொண்டுவருகிறீர்கள்? ஜப்பான்காரன் காலத்தில் போனவர்கள் போய்விட்டார்கள். பிள்ளைகளுக்குச் சந்தோஷமானதைச் சொல்லிக் கொடுங்கள்" என்றார். கைதட்டலும் வாங்கினார். அவருக்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு உண்டு. அந்தப் பதிலை ஒரு கப்பலில் இருந்து தொடங்குகிறேன். நெகிரி செம்பிலான் தோட்டத்துக்கும் கப்பலுக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் நினைக்கலாம். சற்றுப் பொறுங்கள், கப்பல் நம் லயத்து வாசலுக்கே வந்து சேரும்.

பெயர் கேட்ட பாட்டு

1941-ஆம் ஆண்டு அக்டோபர் 31-ஆம் தேதி. ஐஸ்லாந்துக்கு அருகே கடலில் ரூபன் ஜேம்ஸ் என்ற அமெரிக்கப் போர்க்கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி ஒன்று தாக்கி மூழ்கடித்தது. அமெரிக்கா அப்போது போரில் இறங்கியிருக்கவில்லை. குறைந்தது நூறு மாலுமிகள் மாண்டார்கள். போர்க்காலத்தில் கப்பல் மூழ்குவது அன்றாடச் செய்தி. இந்தக் கப்பலும் நாலு நாள் பத்திரிகையில் இருந்துவிட்டு மறைந்திருக்க வேண்டியதுதான்.

மறையவில்லை. நியூயார்க்கில் அல்மனாக் சிங்கர்ஸ் என்றொரு பாட்டுக் குழு இருந்தது. பீட் சீகர், லீ ஹேஸ், வூடி கத்ரி போன்றவர்கள் அதில் இருந்தார்கள். பழைய நாட்டுப்புற மெட்டுகளைத் தேடிப்பிடித்து, அன்றைய சங்கதிகளைப் போட்டுப் பாடுவது அவர்கள் வழக்கம். வூடி கத்ரி இந்தக் கப்பலைப் பற்றிப் பாட்டுக் கட்ட உட்கார்ந்தார். மாண்டவர்கள் அத்தனை பேரின் பெயரையும் பாட்டுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவர் ஆசை. நூறு பெயரைப் பாட்டாக்கினால் யார் மனப்பாடம் செய்வது? குழுவில் இருந்தவர்கள் வேறு யோசனை சொன்னார்கள். பெயர்களை அடுக்குவதற்குப் பதிலாக, அவர்கள் பெயர் என்ன என்று கேட்கிற பல்லவி ஒன்றை வைத்தார்கள். கேட்பவன் பாட்டு முடிந்த பிறகும் அந்தக் கேள்வியோடு வீட்டுக்குப் போக வேண்டும். அதற்காகத்தான்.

மெட்டு புதியதா என்றால், இல்லை. ஏற்கெனவே மக்கள் வாயில் இருந்த பழைய மெட்டுதான். கத்ரியும் கரையில் உட்கார்ந்து பாடியதோடு நிற்கவில்லை. பிறகு வணிகக் கப்பலில் வேலைக்குப் போனார். அவர் போன கப்பல்களும் தாக்கப்பட்டன, அவர் உயிர் தப்பினார். இருபது ஆண்டு கழித்து, 1961-இல், கிங்ஸ்டன் ட்ரியோ என்ற மூவர் குழு அந்தப் பாட்டை மறுபடி பதிவு செய்தது. போர் முடிந்த பிறகு பிறந்த பிள்ளைகளும் அதைப் பாடினார்கள். அந்தப் போரில் எத்தனையோ கப்பல்கள் மூழ்கின. இந்த ஒரு கப்பலின் பெயர் பொதுமக்கள் வாயில் நின்றதற்குக் காரணம் பாட்டு.

நாம் ஒன்றும் கப்பல் தெரியாதவர்கள் அல்ல. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்தில் குண்டு போட்டது. அடுத்த மாதம் 28-ஆம் தேதி பினாங்கு துறைமுகத்துக்குள்ளேயே புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. அந்த மாலுமிகளின் கல்லறை இன்றும் பினாங்கில் இருக்கிறது. நாம் அந்தக் கப்பலைச் சொல்லாக்கி வைத்துக்கொண்டோம். "அவன் பெரிய எம்டன்" என்று சொல்லாத தோட்டம் உண்டா? தாக்கிய கப்பலின் பெயரைத் தமிழன் நூறு ஆண்டுக்கு மேல் நினைவு வைத்திருக்கிறான். தாக்கப்பட்டவனின் பெயரைத்தான் மறந்துவிடுகிறான்.

கப்பல் மூழ்கியது, தோட்டம் அழுதது

இப்போது நம் வாசலுக்கு வருகிறேன். 1941 டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பானியப் படை கோத்தா பாருவில் இறங்கியது. அதைத் தடுக்கப் புறப்பட்ட பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரிய பிரிட்டிஷ் போர்க்கப்பல்களை, டிசம்பர் 10-ஆம் தேதி குவாந்தானுக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 840 பேர் இறந்தார்கள். அவர்கள் பெயர்கள் பிரிட்டனில் நினைவுச் சின்னங்களில் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நல்லது, பொறிக்கத்தான் வேண்டும்.

அந்த இரண்டு கப்பல்கள் மூழ்கியபோது மலாயாவின் கடற்காவலும் மூழ்கியது. ஜனவரியில் சிரம்பான் விழுந்தது. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. கப்பல் இல்லை என்றால் ரப்பர் ஏற்றுமதி இல்லை. ஏற்றுமதி இல்லை என்றால் பால் வெட்டு இல்லை, சம்பளம் இல்லை. பர்மாவிலிருந்து அரிசி வரவில்லை. லயத்துப் பின்புறம் மரவள்ளிக்கிழங்கு போட்டுப் பிழைத்தார்கள். வேலையில்லாமல் பசியோடு கிடந்த அந்தக் கூட்டத்தைத்தான் ஜப்பான்காரன் பார்த்தான்.

சயாமில் இருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட வேண்டும் என்று அவன் முடிவு செய்ததற்கும் கடல்தான் காரணம். பர்மாவில் இருந்த தன் படைக்குக் கப்பலில் சாமான் அனுப்பினால் எதிரி மூழ்கடித்துவிடுவான் என்ற பயம். ஆக, கடலில் தொடங்கிய இழப்பு காட்டில் முடிந்தது. 1942 நடுவில் வேலை தொடங்கி 1943 அக்டோபரில் பாதை இணைந்தது. மலாயாவில் இருந்து மட்டும் 70,000-க்கும் மேற்பட்டவர்கள் கொண்டுபோகப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி அழைத்துப்போனதும் உண்டு. இலவசப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவை அடைத்து, லாரியில் ஏற்றியதும் உண்டு.

நம் மாநிலத்து எல்லையில் தம்பினில் இருந்து மலாக்காவுக்கு அந்தக் காலத்தில் ரயில் ஓடியது. அந்தத் தண்டவாளத்தையே பிடுங்கிச் சயாமுக்குக் கொண்டுபோனான். தண்டவாளத்தையும் நம்மிடம் எடுத்தான், அதைப் போடுகிற கையையும் நம்மிடமே எடுத்தான். 1943 மழைக்காலத்தில் அந்தக் காட்டில் காலரா பரவியது. போர்க் கைதிகளாவது தங்களுக்குள் மருத்துவர்களை வைத்திருந்தார்கள், இறந்தவர்களுக்குக் குறிப்பு எழுதினார்கள். தோட்டத்து ஆளுக்கு அதுவும் இல்லை. பாதை வேலையில் இருந்த போர்க் கைதிகள் 60,000-க்கும் மேல், அவர்களில் 12,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் 90,000 என்று ஒரு மதிப்பீடு சொல்கிறது.

காஞ்சனாபுரிக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். போர்க் கைதிகளுக்கான மயானத்தில் ஏறத்தாழ 7,000 கல்லறைகள், புல் வெட்டி, பூச்செடி வைத்து, பெயரும் வயதும் எழுதி வைத்திருக்கிறார்கள். நம்மவர்கள் அங்கே இல்லை. 1990-இல் அதே ஊர்ப் பக்கம் ஒரு கரும்புத் தோட்டத்தைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கானோரின் எலும்புகள் கிடைத்தன. 2023-இல்தான் தாய்லாந்தில் உள்ள தமிழர்களின் முயற்சியால் காஞ்சனாபுரியில் நம்மவர்களுக்கு ஒரு நடுகல் எழுந்தது. நடுகல்லில் மாண்டவனின் பெயரையும் பெருமையையும் பொறிப்பது சங்க காலத்தில் இருந்தே தமிழனின் மரபு. பெயர்கள் எல்லாவற்றையும் பொறிக்க வேண்டுமானால் முழுப் பட்டியல் யாரிடம் இருக்கிறது?

பெயர் இல்லாத மனிதர்களா அவர்கள்? ஒவ்வொருவர் பெயரும் கிராணியின் செக்ரோலில் இருந்தது. காலையில் பிரட்டு களத்தில் அந்தப் பெயரைக் கூப்பிட்டுத்தான் வேலைக்கு அனுப்பினார்கள். வேலை வாங்கும்போது இருந்த பெயர் செத்தபோது இல்லாமல் போனது.

ஒப்பாரிக்கு உடல் வேண்டும்

நம்மிடம் பாட்டு இல்லாமலா போனது? உலகத்திலேயே அழுகையைக் கூட மெட்டுக்குள் வைத்தவர்கள் நாம். ஊரில் வெள்ளம் வந்தால் சிந்து, கொலை நடந்தால் சிந்து, அதைச் சந்தையில் பாடி விற்றவர்கள் நாம். அப்படியானால் சயாமுக்கு ஏன் மேடையில் ஒலிக்கிற பாட்டு வரவில்லை?

நான் நினைக்கும் காரணம் இது. நம் துக்கப் பாட்டு ஒப்பாரி. ஒப்பாரிக்கு ஓர் உடல் வேண்டும், ஒரு வாசல் வேண்டும், ஒரு நாள் வேண்டும். சயாமில் செத்தவனுக்கு இந்த மூன்றும் இல்லை. செய்தியே இல்லை. 1945, 46-இல் திரும்பி வந்தவர்கள் சிலர், "அவனைக் கடைசியாக அந்த முகாமில் பார்த்தேன்" என்றார்கள். அவ்வளவுதான் தகவல். இறந்துவிட்டான் என்று எப்படி அழுவது? வருவார், வருவார் என்று பொட்டும் பூவுமாகக் காத்திருந்த பெண்கள் இருந்தார்கள்.

என் பாட்டி ரந்தாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் போய் உட்காருவார். இறந்தவருக்கு இரண்டு வரி பாடுவார். மூன்றாவது வரியில் சயாமுக்குப் போன தன் அண்ணனுக்குப் போய்விடுவார். சுற்றி இருக்கிற பெண்களும் அப்படித்தான். ஒரு பிணத்தைச் சுற்றி உட்கார்ந்து பத்துப் பேர் பத்து உயிருக்கு அழுதார்கள். சொந்தச் சாவுக்குக் கிடைக்காத வாசலை அடுத்த வீட்டு வாசலில் தேடிக்கொண்டார்கள். அந்தப் பாட்டு அன்றைக்கே கரைந்துபோனது. யாரும் எழுதவில்லை. சாவில்லாத வீட்டில் ஒப்பாரி பாடினால் ஆகாது என்பதால் பாடிக் காட்டச் சொல்லிக் கேட்கவும் முடியாது.

தொகுத்தவர்கள் இல்லாமல் இல்லை. டாக்டர் இரா. தண்டாயுதம் மலேசிய நாட்டுப்புறப் பாடல்களைத் திரட்டினார். முத்தம்மாள் பழனிசாமி தோட்டத்துப் பாடல்களைத் தேடிப் பதிவு செய்தார். இலங்கை மலையகத்தில் சி.வி. வேலுப்பிள்ளை தேயிலைத் தோட்டத்துப் பாடல்களைத் தொகுத்தார். தமிழ்நாட்டில் பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த பாடல்கள் பலருக்கு வழிகாட்டின. கே.ஏ. குணசேகரன், விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் போன்றவர்கள் வயலிலும் குடிசையிலும் இருந்த பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். சயாமைப் பற்றி ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவல் எழுதினார்கள். எழுத்து வந்துவிட்டது. குரல்தான் இன்னும் வரவில்லை.

கண்ணீருக்குக் கட்சி இல்லை

இன்னொரு தயக்கமும் நம்மிடம் இருக்கிறது. ஜப்பான்காரன் காலம் என்றால் நேதாஜி நினைவுக்கு வருகிறார். நம் தோட்டத்து இளைஞர்களும் பெண்களும் இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். சயாமுக்குப் போவதைவிடப் படைக்குப் போவது மேல் என்று சேர்ந்தவர்களும் அவர்களில் உண்டு. அந்தப் பெருமையைப் பேசும் இடத்தில் இந்தத் துக்கத்தைப் பேசினால் ஏதோ முரண்பாடு போலத் தோன்றுகிறது.

ஒரு செய்தி சொல்கிறேன். 1942 நவம்பர் 23-ஆம் தேதி, பம்பாயில் இருந்து ஆப்பிரிக்கா போய்க்கொண்டிருந்த திலாவா என்ற பயணிகள் கப்பலை ஐ-29 என்ற ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 280 பேர் மாண்டார்கள், பெரும்பாலும் இந்தியர்கள். அதே ஐ-29 நீர்மூழ்கிதான் ஐந்து மாதம் கழித்து நேதாஜியை நடுக்கடலில் ஏற்றிக்கொண்டு கிழக்கே வந்தது. ஒரே கப்பல், ஒரு குடும்பத்துக்கு எமன், இன்னொரு குடும்பத்துக்கு நம்பிக்கை. 1944-இல் அதையும் அமெரிக்க நீர்மூழ்கி மூழ்கடித்தது. கப்பலுக்குக் கொடி உண்டு, கட்சி உண்டு. கண்ணீருக்கு இல்லை. நேதாஜியை வணங்குகிற வீட்டில் சயாமில் செத்தவனுக்கும் விளக்கு வைக்கலாம்.

திலாவாவில் மாண்டவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எண்பது ஆண்டு கழித்து, 2022-இல், மும்பையில் ஒன்றுகூடி நினைவு நாள் நடத்தினார்கள். எண்பது ஆண்டு தாமதம் என்று அவர்கள் சும்மா இருந்துவிடவில்லை.

அவ்வளவு தூரம் எதற்கு? நம் மாநிலத்துச் சீனர்களைப் பாருங்கள். 1942 மார்ச்சில் கோலப்பிலா பக்கம் பாரிட் திங்கியிலும், ஜெலுபு பக்கம் தீத்தியிலும் ஜப்பானியப் படை ஊரையே கொன்று குவித்தது. சீன சமூகம் அவர்களுக்கு நினைவுக்கல் எழுப்பியது. 1980-களில் உயிரோடு இருந்தவர்களைத் தேடிப் போய், வாக்குமூலங்களைத் திரட்டி நூலாகப் போட்டது. அதனால் அவர்கள் பிள்ளைகள் சோகத்தில் மூழ்கிவிட்டார்களா? இல்லையே. தங்கள் ஊர் எந்த மண்ணில் நிற்கிறது என்று தெரிந்துகொண்டார்கள். முன்னால் பேசிய நண்பருக்கு இதுதான் என் பதில். பிள்ளைகளுக்குச் சந்தோஷத்தைக் கொடுப்போம். ஆனால் தன் கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியாத பிள்ளைக்கு, அது தெரியவில்லை என்பதாவது தெரிய வேண்டாமா?

என்ன செய்யலாம்?

வெறுமனே ஆதங்கப்பட்டுப் பயனில்லை. செய்யக்கூடியதைச் சொல்கிறேன்.

லாபுவில், சிலியாவில், போர்ட்டிக்சனில், பகாவில், பிள்ளைகளிடம் உறுமி மேளக் குழுக்கள் இருக்கின்றன. திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் அடிக்கிறார்கள். தாளம் உயிரோடு இருக்கிறது. அதன் மேல் ஏறி உட்காரும் சொல்தான் பெரும்பாலும் சினிமாவில் இருந்து வருகிறது. அந்தக் குழுக்களிடம்தான் இந்த வேலையை ஒப்படைக்க வேண்டும்.

முதலாவது, மெட்டு. ஒப்பாரியை மேடையில் பாட வேண்டாம். வீட்டுப் பெரியவர்கள் மனம் கோணும், அது நியாயமும்கூட. நம்மிடம் கும்மி இருக்கிறது, சிந்து இருக்கிறது, வில்லுப்பாட்டு இருக்கிறது. அமெரிக்கப் பாட்டுக்காரர்கள் செய்தது போல், மக்கள் வாயில் ஏற்கெனவே இருக்கிற பழைய மெட்டில் புதிய சொல்லைப் போடுங்கள். கேட்டவுடன் கூடப் பாட வேண்டும்.

இரண்டாவது, பெயர். எழுபதாயிரம் பேருக்கும் ஒரே பாட்டு என்றால் அது யாருக்கும் பாட்டு ஆகாது. உங்கள் தோட்டத்தில் இருந்து போனவர்கள் யார் என்று மட்டும் கேளுங்கள். ஐந்து பெயர் கிடைத்தால் ஐந்து பெயர். ஒரு பெயர்தான் கிடைத்தது என்றால் அந்த ஒன்றை வைத்துப் பாடுங்கள். கிடைக்காத பெயரைக் கற்பனையில் போடாதீர்கள். தெரியாத இடத்தில், பெயர் என்ன என்று கேட்கிற பல்லவியைப் போடுங்கள். அந்தக் குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டுவிட்டுப் பாடுங்கள்.

மூன்றாவது, பதிவு. ஜப்பான்காரன் காலத்தில் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைத் தாண்டியிருப்பார். அவர் பாடினால், பேசினால், கைப்பேசியில் பிடித்து வையுங்கள். யார் பாடினார், எந்தத் தோட்டம், எந்தத் தேதி என்று அவர் குரலிலேயே சொல்ல வையுங்கள். ஒரு பிரதியை வீட்டில் வையுங்கள், இன்னொன்றைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கோ மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்கோ கொடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டோம், வேலை முடிந்தது என்று இருந்துவிடாதீர்கள். அது அடுத்த பொங்கல் வாழ்த்துக்குக் கீழே போய்விடும்.

நேயர்களே, நீலாய்ப் பக்கமும் லாபுப் பக்கமும் எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனையும் போய்த் தாமான் வந்தது. லயம் இல்லை, பிரட்டு களம் இல்லை, சில இடங்களில் தோட்டத்துக் கோயில் கூட இடம் மாறிவிட்டது. அந்த மண்ணில் நின்று, "இங்கிருந்துதான் போனார்கள்" என்று கை நீட்டிக் காட்ட இனி அடையாளம் இருக்காது. ஆனால் பாட்டுக்கு நிலம் தேவையில்லை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் எங்கே குடியேறினாலும் அதுவும் கூட வரும்.

இந்த ஆண்டு உங்கள் கோயில் திருவிழாவில் உறுமி அடங்கியதும் ஐந்து நிமிடம் கேட்டு வாங்குங்கள். அந்தக் காலத்தில் பிரட்டு களத்தில் கூப்பிட்டது போல, உங்கள் தோட்டத்தில் இருந்து சயாமுக்குப் போனவர்களின் பெயரைச் சத்தமாகக் கூப்பிடுங்கள். அவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள். கூட்டத்தில் யாராவது ஒரு மூதாட்டி எழுந்து, "ஒரு பெயரை விட்டுவிட்டீர்களே தம்பி" என்று சொல்வார். அந்தப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள்.